வீட்டில் பார்க்கும் படத்துக்கு வயது மதிப்பீடு: சிங்கப்பூர்த் தமிழ்ப் படக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தியேட்டரில் ஓடிய படத்தை டிஸ்க்காகப் போட நினைப்பவர், சென்னையிலிருந்து டிவிடி வரவழைத்துத் தேக்காவில் விற்பவர், சொந்தக் காசில் ஒரு படம் எடுத்து நண்பர் வட்டத்தைத் தாண்டிக் கொண்டுபோக ஆசைப்படுபவர். இந்த மூன்று பேரும் கேட்கும் முதல் கேள்வி, "மனுவை எங்கே போடுவது?" என்பதுதான். மனு கடைசி வேலை, அதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. உங்கள் படம் பிஜி13-ஆ (பதின்மூன்றுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் ஆலோசனை), எம்18-ஆ (பதினெட்டு வயது முதல்) என்பது எடிட்டிங் டேபிளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் படிவத்துக்குக் கொஞ்ச இடமும், படத்தை நீங்களே உட்கார்ந்து அளந்து பார்ப்பதற்கு நிறைய இடமும் ஒதுக்கியிருக்கிறேன்.

உங்களுக்கு இது தேவையா?

சிங்கப்பூரில் படங்களுக்கான சட்டம் 1981-ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டம். அதைச் செயல்படுத்துவது ஐஎம்டிஏ எனப்படும் தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம். விநியோகம் செய்யும் படத்துக்கும், பொதுவில் திரையிடும் படத்துக்கும் வகைப்பாடு, அதாவது வயது மதிப்பீடு, வேண்டும் என்பது அடிப்படை விதி. டிஸ்க்காக இருந்தாலும் பென் டிரைவாக இருந்தாலும் பதிவான படம் படம்தான். காசு வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தை வைத்து, நமக்கு வேண்டாம் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள்.

விநியோகிக்கவோ பொதுவில் காட்டவோ நினைக்காமல் ஒருவர் எடுக்கும் சொந்த வீடியோவுக்கு இது பொருந்தாது. கல்யாண வீடியோ, பிள்ளையின் காதுகுத்து, தாத்தாவின் எண்பதாம் கல்யாணம் எல்லாம் அந்தக் கணக்கு. அவற்றைச் சொந்தக்காரர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க யாரும் மதிப்பீடு கேட்கப்போவதில்லை.

படத்தை டிஸ்க்காக விற்காமல் ஓடிடி தளம் ஒன்றுக்குக் கொடுக்கிறீர்கள் என்றால் பாதை வேறு. அந்தச் சேவைகளுக்கென்று 2018-இல் தனி உள்ளடக்க விதித்தொகுப்பு வந்தது. தளமே தன் படங்களுக்கு மதிப்பீடு போட்டுக்கொள்ளும். என்சி16 (பதினாறு வயது முதல்), அதற்கு மேல் உள்ளவற்றைத் தருகிற தளத்தில் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும். ஆர்21 (இருபத்தொரு வயது முதல்) படம் கடவு எண் போட்டால்தான் திறக்க வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, படத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தளத்துக்கு ஒளிக்காமல் எழுதிக் கொடுப்பது. அதற்கும் கீழே சொல்லும் நிமிடக் குறிப்பு உதவும்.

ஆறு மதிப்பீடு, டிஸ்க்குக்கு ஐந்து

ஜி (எல்லோருக்கும்), பிஜி (பெற்றோர் வழிகாட்டுதலோடு), பிஜி13 மூன்றும் ஆலோசனை மட்டுமே. பிஜி13 படத்தைப் பத்து வயதுப் பிள்ளை பார்த்தால் சட்டம் தடுக்காது, பெற்றோர் பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகிறது. என்சி16, எம்18, ஆர்21 மூன்றும் கட்டுப்பாடு. பதினாறுக்குக் குறைந்தவருக்கு என்சி16 டிஸ்க்கை விற்கக் கூடாது, அப்பா பக்கத்திலேயே நின்று தலையாட்டினாலும் சரி.

டிஸ்க் வெளியீட்டில் மேல் வரம்பு எம்18. ஆர்21 என்பது உரிமம் பெற்ற திரையரங்குக்கும் மேலே சொன்ன ஓடிடி தளத்துக்கும் உரியது, டிஸ்க்காக வராது. ஆக, தியேட்டரில் ஆர்21 வாங்கிய படத்தை டிஸ்க்காகக் கொண்டுவர வேண்டுமானால் எம்18-க்குள் அடங்கும் ஒரு வெட்டுப் பிரதி தயாராக வேண்டும். இது ஏன் என்று யோசித்தால் புரியும். தியேட்டர் வாசலில் அடையாள அட்டை பார்க்க ஆள் இருக்கிறார். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் யாரும் இல்லை. நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், ஒரே காட்சியைப் பத்து தடவை பார்க்கலாம்.

சிங்கப்பூரில் வயது அடிப்படையிலான வகைப்பாடு 1991-இல் தொடங்கியது. பிஜி13 வந்தது 2011-இல்தான். பழைய டிஸ்க் அட்டைகளில் அது இல்லாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. பழைய அட்டையைப் பார்த்து உங்கள் படத்துக்கு என்ன கிடைக்கும் என்று ஊகிக்காதீர்கள்.

இந்தியச் சான்றிதழ் இங்கே செல்லாது. இதைப் பெரிய எழுத்தில் ஒட்டி வைக்கலாம், ஏனென்றால் "யூ சர்டிபிகேட் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அங்கே யூ, யூஏ, ஏ என்பதோடு 2024-இல் யூஏ பிரிவுக்குள் 7, 13, 16 என்ற வயதுக் கோடுகளும் வந்துவிட்டன. யூஏ 13-ஐப் பார்த்தால் பிஜி13 மாதிரியே தெரியும், ஆனால் இரண்டு நாடும் ஒரே அளவுகோலை வைத்துப் பார்ப்பதில்லை. மலேசியச் சான்றிதழுக்கும் இதே கதைதான்.

நிமிடக் குறிப்பு: உண்மையான வேலை

படத்தை ஒருமுறை கதைக்காகப் பாருங்கள். அடுத்த முறை நோட்டும் பேனாவுமாக உட்காருங்கள். மதிப்பீட்டாளர்கள் கவனிப்பவை கருப்பொருள், வன்முறை, பாலுறவு, நிர்வாணம், மொழி, போதைப்பொருள், திகில். இந்த ஏழில் எதைத் தொட்டாலும் நேரம், என்ன தெரிகிறது, எத்தனை நொடி, கதையில் அதற்கு என்ன வேலை என்று எழுதுங்கள். கற்பனையாக, தோ பாயோவில் நடக்கும் ஒரு குடும்பக் கதை என்று வைத்துக்கொள்வோம். குறிப்பு இப்படி இருக்கும்:

00:18:20. மின்தூக்கிக்குள் அண்ணன் தம்பி கைகலப்பு. இரண்டு அடி, ரத்தம் இல்லை. 8 நொடி.

00:41:05. கோப்பிக் கடை. போதையில் மாமா கத்துகிறார். தமிழில் ஒரு கெட்ட வார்த்தை, ஹொக்கியனில் (சீன வட்டார மொழி) ஒன்று. சப்டைட்டிலில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை ஒருமுறை.

01:07:50. கழிப்பறையில் பையன் மாத்திரையைப் பொடியாக்கி மூக்கால் இழுக்கிறான். கை, காகிதச் சுருள் குளோசப். 14 நொடி. அடுத்த காட்சி மருத்துவமனை.

01:22:30. பாட்டு. அறைக்குள் கணவன் மனைவி, முத்தம், போர்வைக்குள் அசைவு. நிர்வாணம் இல்லை. 20 நொடி.

இதில் முதல் காட்சி யார் தூக்கத்தையும் கெடுக்காது. இரண்டாவதில் கவனிக்க வேண்டியது ஹொக்கியன் வார்த்தை. நம் பையன்கள் கோபம் வந்தால் நான்கு மொழியிலும் திட்டுவார்கள், ஆணையத்துக்கும் நான்கு மொழியும் தெரியும். அப்புறம் சப்டைட்டில். நடிகர் வாயில் மிதமாக இருக்கும் ஒரு வசை, சப்டைட்டில் போடுபவரின் உற்சாகத்தில் கடுமையான ஆங்கில வசையாக மாறினால் படம் அந்தக் கடுமையோடுதான் பார்க்கப்படும். கடுமையான வசை எப்போதாவது ஒன்று என்றால் பிஜி13-இல் இடம் உண்டு. வரிக்கு வரி என்றால் என்சி16 பக்கம் போய்விடும். சப்டைட்டில் கோப்பை எடிட்டரிடம் விட்டுவிடாமல் நீங்களே ஒரு முறை படித்துப் பாருங்கள். இதைவிடச் செலவு குறைந்த திருத்தம் வேறு இல்லை.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். "கடைசியில் அவன் மருத்துவமனையில் படுக்கிறானே, நல்ல செய்திதானே?" என்று இயக்குநர் வாதாடுவார். செய்தி நல்லது, அது கணக்கில் சேரும். ஆனால் எப்படிப் பொடியாக்குவது, எப்படி இழுப்பது என்று செய்முறையாகப் படம் காட்டிவிட்டது. 1973-ஆம் ஆண்டின் போதைப்பொருள் துஷ்பிரயோகச் சட்டம் உள்ள ஊர் இது, போதை விஷயத்தில் இங்கே யாரும் கண்ணை மூடிக்கொள்ள மாட்டார்கள். குளோசப்பை எடுத்துவிட்டு மூடிய கழிப்பறைக் கதவு, உள்ளே இருமல் சத்தம், வெளியே காத்திருக்கும் தங்கை என்று மாற்றினால் காட்சியின் பலம் குறையாது. எனக்குக் கேட்டால் கூடும் என்பேன். மாறாக, போதையைக் கொண்டாடும் அல்லது ஊக்குவிக்கும் படத்துக்கு வெட்டு உதவாது. அதற்கு மதிப்பீடே மறுக்கப்படலாம்.

நான்காவது காட்சியில் பாட்டு என்பதால் நம் ஆட்கள் அதைக் காட்சியாகவே எண்ணுவதில்லை, தவறவிடுவார்கள். தமிழ்ப் படத்தில் மதிப்பீட்டை உயர்த்துவது பல நேரம் பாட்டுத்தான். கதைக்குள் கண்ணியமாக நடக்கும் கேமரா, குத்துப்பாட்டு வந்ததும் இடுப்பிலேயே நின்றுவிடுகிறது. இரட்டை அர்த்த வரிகளும் சேர்த்தி. வீட்டில் படத்தை ஒருமுறை பார்ப்பார்கள், பாட்டை ஐம்பது முறை போடுவார்கள். டிஸ்க்கில் பாட்டுகளைத் தனி மெனுவாகப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

வன்முறையில் பார்ப்பது எத்தனை பேர் செத்தார்கள் என்பதை விட எவ்வளவு விவரமாகச் செத்தார்கள் என்பதை. அரிவாள் ஓங்குவது ஒன்று, அது இறங்கும் இடத்தை ஸ்லோ மோஷனில் காட்டுவது இன்னொன்று. ஒலியையும் மறக்காதீர்கள். படத்தை வெட்டிவிட்டு எலும்பு முறியும் சத்தத்தை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. பாலியல் வன்முறைக் காட்சி எவ்வளவு சுருக்கமாக இருந்தாலும் எடை அதிகம். நாயகன் பழிவாங்குவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று மட்டும் அந்தக் காட்சியை வைத்திருந்தால், மதிப்பீட்டை விடுங்கள், கதைக்காகவே மறுபடி யோசிக்கலாம்.

திகிலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிரிக்க வைக்கும் பேயும் மனத்தை அரிக்கும் பேயும் வேறு என்பது பார்த்தாலே தெரியும்.

மதிப்பீடு ஏறாமல் கதவே மூடும் விஷயங்கள்

ஏழு தலைப்புகளில் பெரும்பாலானவை ஏணிப்படி மாதிரி, அளவு கூடினால் ஒரு படி மேலே போகும். இனமும் மதமும் அப்படியல்ல. ஓர் இனத்தையோ மதத்தையோ இழிவுபடுத்தும் படம் எம்18-க்குப் போகாது, வகைப்பாடே மறுக்கப்படும். 2022 மே மாதம் 'த காஷ்மீர் ஃபைல்ஸ்' என்ற இந்திப் படத்துக்கு அதுதான் நடந்தது. முஸ்லிம்களை ஒருதலைப்பட்சமாகவும் தூண்டிவிடும் விதத்திலும் காட்டுகிறது, வகைப்பாட்டு வழிகாட்டிகளைத் தாண்டுகிறது என்று ஐஎம்டிஏ, கலாசார சமூக இளையர் துறை அமைச்சு, உள்துறை அமைச்சு மூன்றும் சேர்ந்து சொல்லின. இந்தியாவில் ஓடுகிறது என்பது இங்கே வாதமாக எடுபடவில்லை. சாதி மோதல் கதை எடுப்பவர்களுக்கும் இது பாடம். அடக்குமுறையைக் காட்டுவது வேறு, படமே ஒரு தரப்பை மனிதராகக் கருதாமல் பேசுவது வேறு.

ஆவணப்படக்காரர்கள் இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்சி அரசியல் படங்களை எடுப்பதையும் விநியோகிப்பதையும் திரைப்படச் சட்டம் தடை செய்கிறது. 2009-இல் சில விதிவிலக்குகள் சேர்க்கப்பட்டன என்றாலும், தேர்தல், கட்சி, தலைவர் என்று உங்கள் படம் அருகில் போனால் மனுவுக்கு முன்பே ஆணையத்திடமோ வழக்கறிஞரிடமோ பேசிவிடுவது நல்லது.

எந்தப் படியில் நிற்க வேண்டும்?

குறிப்பை முடித்ததும் ஒரு முடிவு எடுங்கள். கடைக்காரர் கண்ணோட்டத்தில் மிகப் பெரிய கோடு பிஜி13-க்கும் என்சி16-க்கும் இடையே இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் விற்கும் ஒவ்வொருவரும் வயது பார்க்க வேண்டும், பள்ளிக்கும் குடும்பக் கூட்டத்துக்கும் படம் போகாது. உங்கள் படத்தில் பதினாறைத் தேடித் தருவது இரண்டே காட்சிகள் என்றால் அவற்றைத் தளர்த்தலாமா என்று யோசியுங்கள். கதையின் முதுகெலும்பே அதுதான் என்றால் வெட்டாதீர்கள், எம்18-ஐ மரியாதையாக வாங்கிக்கொள்ளுங்கள். பிஜி13-க்காகக் கை கால் எல்லாம் வெட்டப்பட்டு, யார் ஏன் அழுகிறார்கள் என்றே புரியாமல் போன படங்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

மனுவுக்கு முன் கையில் இருக்க வேண்டியவை

விநியோகம் தொழிலாக நடக்கப்போகிறது என்றால் ஏக்ராவில் (நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு ஆணையம்) பதிவான நிறுவனம், அதன் யூஇஎன் என்ற பதிவு எண், அரசு இணையச் சேவைகளுக்குள் நுழைய நிறுவனங்கள் பயன்படுத்தும் கார்ப்பாஸ் கணக்கு மூன்றும் தயாராக இருக்கட்டும். விநியோகத்துக்கான உரிமம் பற்றியும் முன்கூட்டியே ஐஎம்டிஏ தளத்தில் பார்த்துவிடுங்கள். வகைப்பாடு வேறு, உரிமம் வேறு. ஒன்று வந்துவிட்டதால் மற்றது தானாக வராது. நடப்புக் கட்டணத்தையும் அங்கேயே பார்த்து பட்ஜெட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிரதி இறுதியானதாக இருக்க வேண்டும். டிஸ்க்கில் எது போகிறதோ அதுவே ஆணையத்துக்கும் போக வேண்டும். இங்கே பலரும் மறப்பது கூடுதல் சமாச்சாரங்கள். நீக்கப்பட்ட காட்சிகள், படப்பிடிப்புத் தமாஷ், அடுத்த படத்தின் டிரெய்லர் எல்லாமே படம்தான். முதன்மைப் படம் பிஜி, கூடவே வைத்த டிரெய்லரில் கழுத்தறுப்பு என்றால் டிஸ்க்கைப் பிஜி என்று விற்க முடியாது. தியேட்டருக்கு வாங்கிய மதிப்பீட்டை அப்படியே டிஸ்க்குக்கு ஒட்டிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். வீட்டு வெளியீட்டுக்குத் தனியாகக் கேட்க வேண்டும், நீளமான இயக்குநர் பதிப்பு என்றால் சொல்லவே தேவையில்லை, கட்டாயம் தனி மனுதான்.

கதைச் சுருக்கம் நேர்மையாக இருக்கட்டும். போஸ்டரில் போடும் வாசகத்தை இங்கே எழுதாதீர்கள். "ஒரு குடும்பத்தின் பாசப் போராட்டம்" என்று எழுதிவிட்டு உள்ளே தற்கொலைக் காட்சி இருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். முடிவையும் சேர்த்து, என்ன நடக்கிறது என்று பத்துப் பன்னிரண்டு வரியில் எழுதினால் போதும். ஓடும் நேரம், மொழிகள், தயாரித்த நாடு, ஆண்டு ஆகியவற்றைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள். தமிழ்ப் படமென்றாலும் ஆங்கில சப்டைட்டிலோடு கொடுங்கள். எப்படியும் பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்க வேண்டும் அல்லவா.

உரிமைப் பத்திரங்கள் தனி. வயது மதிப்பீடு கிடைத்துவிட்டது என்பதற்கு, பாட்டைப் பயன்படுத்த அனுமதி கிடைத்துவிட்டது என்று பொருளில்லை. இசைக்கு இசையமைப்பாளர், இசை நிறுவனம் ஆகியோரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். இங்கே பாடலாசிரியர், இசையமைப்பாளர் உரிமைகளை நிர்வகிக்கும் காம்பாஸ் அமைப்பிடமும் விசாரிக்க வேண்டியிருக்கும். பின்னணியில் தொலைக்காட்சியில் ஓடும் பழைய பாட்டுக்கூடக் கணக்கில் வரும்.

இந்திய டிஸ்க்கை இறக்குமதி செய்கிறவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். டிவிடி மண்டல எண்ணில் சிங்கப்பூர் 3, இந்தியா 5. மண்டலப் பூட்டு இல்லாத டிஸ்க்தானா என்று வாங்கும்போதே பாருங்கள். மதிப்பீடு வாங்கிய பிறகு வாடிக்கையாளர் வீட்டில் ஓடவில்லை என்றால் எல்லாம் வீண்.

மனு போடுவது, பார்ப்பது

மனு ஐஎம்டிஏயின் இணையச் சேவை வழியாகப் போகிறது. படிவத்தில் கேட்பவை மேலே நீங்கள் தயார் செய்தவைதான். உங்கள் நிமிடக் குறிப்பைச் சுருக்கி ஒரு பக்கமாக இணைத்து வைத்தால் நல்லது. நீங்கள் எதிர்பார்க்கும் மதிப்பீட்டையும், ஏன் என்பதையும் இரண்டு வரியில் சொல்லலாம். கெஞ்ச வேண்டாம், வாதாட வேண்டாம்.

நிறையப் படங்கள் கொண்டுவரும் பெரிய விநியோக நிறுவனங்களில் பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர்கள் இருப்பார்கள். பிஜி13 வரைக்குமான படங்களை அவர்களே வகைப்படுத்த வழி உண்டு. இந்தக் கூட்டு முறைக்கு 2018-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம் சட்ட வடிவம் கொடுத்தது. ஒற்றைப் படம் கையில் வைத்திருப்பவர் அப்படி ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிடலாமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம். என்சி16-ம் அதற்கு மேலும் ஆணையத்திடம்தான். சிக்கலான படமென்றால் பொதுமக்கள் இடம்பெறும் திரைப்பட ஆலோசனைக் குழுவின் கருத்தையும் ஆணையம் கேட்பதுண்டு.

தீபாவளிக்குக் கடையில் இருக்க வேண்டிய டிஸ்க்கைத் தீபாவளி விளக்கு போட்ட பிறகு அனுப்பாதீர்கள். அட்டை அச்சடிக்கும் தேதியை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஒரு முறை வெட்டி மறுபடி அனுப்பவும் நேரம் ஒதுக்குங்கள்.

முடிவு வந்ததும்

முடிவில் மதிப்பீட்டோடு ஒரு சிறு ஆலோசனை வாசகமும் வரும். சில வன்முறைக் காட்சிகள், கடுமையான மொழி என்பது மாதிரி. அதை அலங்காரமாக நினைக்காதீர்கள். பெற்றோருக்கு உண்மையில் உதவுவது அந்த வாசகம்தான். மதிப்பீட்டுச் சின்னத்தையும் வாசகத்தையும் ஆணையம் சொல்லும் விதத்தில் அட்டையில் தெளிவாகப் போடுங்கள். நாயகன் முகத்தை மறைக்கிறது என்று அச்சகத்தில் ஓரத்துக்குத் தள்ளச் சொல்வார்கள், இடம் கொடுக்க வேண்டாம். எழுத்துப் பிழை, ஓடும் நேரம் எல்லாம் முடிவுக் கடிதத்தோடு ஒத்துப்போகிறதா என்று அச்சுக்கு முன் பாருங்கள்.

எதிர்பார்த்ததை விட உயர்ந்த மதிப்பீடு வந்தால் இரண்டு வழி. குறைந்த மதிப்பீட்டுக்கு எந்தக் காட்சி தடையாக இருக்கிறது என்று கேட்டு, வெட்டி, மறுபடி கொடுப்பது ஒன்று. பெரும்பாலும் இதுதான் வேகமான வழி. இரண்டாவது, திரைப்பட மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போவது. காட்சியை வெட்டினால் படம் நிற்காது, அதே சமயம் மதிப்பீடு அநியாயம் என்று மனசாரத் தோன்றினால் போங்கள். கடிதத்தில் உள்ள கெடுவைக் குறித்துக்கொண்டு, வழிகாட்டியின் எந்த வரியை வைத்து வாதாடுகிறீர்கள் என்பதை எழுதுங்கள். "மற்றப் படத்துக்குக் கொடுத்தீர்களே" என்ற ஒன்றை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்தப் படத்தில் அந்தக் காட்சி எவ்வளவு நேரம், எப்படி வந்தது என்பது வேறாக இருக்கும்.

மதிப்பீடு வாங்கிய பிரதியையும் முடிவுக் கடிதத்தையும் ஒரே ஹார்ட் டிஸ்கில், ஒரே பெயரில் வையுங்கள். பிறகு இரண்டு காட்சி சேர்த்துப் புதுப் பதிப்பு போட்டால் அது புதுப் படமாகவே கருதப்படும், மறுபடி மனு வேண்டும். சமூக மன்றத்திலோ பள்ளி மண்டபத்திலோ கோயில் விழாவிலோ அந்த டிஸ்க்கைப் போட யாராவது கேட்டால் அது வீட்டுப் பயன்பாடு அல்ல, பொதுத் திரையிடல். அதற்கான அனுமதியை ஏற்பாட்டாளர் தனியாகப் பார்க்க வேண்டும், உங்களிடமிருந்து திரையிடல் உரிமையை எழுத்தில் வாங்கியிருக்கவும் வேண்டும்.